ஜன்னல் வழியே வந்த மருந்து

அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட் போட்ட யாரைக் கேட்டாலும் கஞ்சியக்காவைத் தெரியும். பின்கட்டில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த கோட்டைக் கழற்றித் தரையில் வைத்தால், உள்ளே ஆள் இல்லாமலே நிற்கும் என்று டாக்டர்கள் கேலி செய்வார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். ஆளும் அப்படித்தான். யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டாள், வாய் கொடுத்தால் திருப்பிக் கொடுக்காமல் விட மாட்டாள்.

சலவைக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரி நடைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அழுக்கு வாசல் வழியாக உள்ளே வரும், வெளுத்தது ஜன்னல் வழியாக வெளியே போகும். அந்த ஜன்னலுக்கு அவள்தான் ராணி. பெரிய டாக்டரே வந்தாலும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கோட்டை வாங்க வேண்டும். மெஷின் துவைத்துப் பிழிந்து கொடுத்த பெட்ஷீட்டை மேசையில் விரித்து, பக்கத்து வாளியிலிருந்து வலது கையைக் குவித்துத் தண்ணீரை அள்ளி, விரல்களைச் சுண்டித் தெளிப்பாள். தண்ணீர் தெளிக்கும் குப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. "அது துப்புது, என் கைதான் தெளிக்குது" என்பாள். பொய்யில்லை. பூத்தூறல் மாதிரி ஒரே சீராக விழும்.

அவளுக்கு ஜென்ம விரோதி ஒருவர் இருந்தார். பேனாக்காரர். தொழுநோய்க்காரர்களின் கையையும் காலையும் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா முனையால் உள்ளங்கையில் மெல்லத் தொட்டு, "எங்க தொட்டேன், காட்டு" என்பார். அதனால் நோயாளிகள் வைத்த பெயர் பேனாக்காரர். அந்தப் பேனாவை மூடாமல் கோட் பையில் போட்டுவிடுவார். பையோடு சேர்ந்து மை துவைக்கிற தண்ணீரில் கலந்து, ஒரு முறை அறுவை சிகிச்சை அறைத் துணி மொத்தமும் நீலமாகிவிட்டது. அன்றைக்கு கஞ்சியக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்திய கத்தல் மாடி வார்டு வரைக்கும் கேட்டது.

"உங்க பேனாவுக்கு ஒரு மூடி வாங்க உங்க வீட்டுல வக்கில்லையா சார்?"

"மறந்துடறேன்மா."

"நோயாளிங்க கையை எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்க. மூடி மட்டும் மறந்துடுமா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுத்த வாரம் மறுபடியும் மை.

இப்படி இருந்தவளுக்கு ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியின் விளிம்பு இடது முன்கையில் பட்டது. பட்டது அவளுக்குத் தெரியவில்லை. தோல் கருகுகிற வாடையை மோந்து, எதிர் மேசையில் மடித்துக்கொண்டிருந்தவள்தான் அலறினாள். கொப்புளம் எழும்பியிருந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தோல். அது தேமல் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தாள். அதே மாதிரி முதுகில், தொடையில், இடுப்பில், கன்னத்திலும் ஒன்று.

வீட்டில் அதைப் பார்த்தது நாத்தனார். கணவனுக்கு மூத்தவள். பெற்றவர்கள் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்து, வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்து, அந்தப் பெண்ணுக்கும் தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தவள். மாத்திரைக் கவுண்டரில் உட்கார்ந்து, தொழுநோய் மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. தம்பி மனைவியின் முதுகைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கெட்டவள் என்றால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அன்றைக்கு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரியத்தில் இறங்கினாள். அங்கேதான் வந்தது வினை.

"நீ ஒண்ணும் பயப்படாதே. மாத்திரை சாப்பிட்டா போயிடும். ஆனா அந்த வரிசையில உன்னை நிக்க விட மாட்டேன். ஆஸ்பத்திரி பூரா நம்மளைத் தெரியும். நாளைக்கு ஒருத்தன் உன் கையால தேய்ச்ச கோட்டைப் போடுவானா?"

"வேற எப்படிக்கா மருந்து வாங்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

பெரிய டாக்டரிடம் தனியாகப் பேசினாள். ஓர் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அவர் நின்றபடியே பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். முழங்கையைத் தொடவில்லை. விரலை மடக்கி நீட்டச் சொல்லவில்லை. "அதேதான். மாத்திரையை ஆரம்பிச்சிடலாம். உங்க வீட்டுப் பொண்ணு, நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டார். குழாயில்தான் கழுவினார். ஆனாலும் அந்த வார்த்தையை நான் வேண்டுமென்றேதான் போடுகிறேன்.

அன்றிலிருந்து மாதா மாதம் தலையணை உறைக்குள் சுருட்டி மாத்திரை அட்டை ஜன்னல் வழியாக வந்தது. வெளுத்தது போகிற ஜன்னலில், மருந்து உள்ளே வந்தது. கஞ்சியக்கா அதை நீராவிக்குப் பின்னால் நின்று விழுங்கினாள். ஒரு வேளை தவறவிடவில்லை. கிருமியைக் கொல்ல வேண்டியதை அந்த மாத்திரை ஒழுங்காகக் கொன்றது. மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் நடை முழுக்கத் தெரியும். வாரத்தில் ஒரு காலை அங்கே வரிசை நிற்கும். காய்கறி விற்கிறவள், லாரி சுமை இறக்குகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், செருப்பில்லாமல் வருகிற கிழவர். அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. பேனாக்காரரின் மேசையைத் தாண்டாமல் மாத்திரைக் கவுண்டருக்குப் போக முடியாது. ஒவ்வொருவர் கையையும் பிடித்து, முழங்கை மடிப்பில் ஓடும் நரம்பைத் தடவி, விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத்தைச் செருகி, "இறுக்கிப் பிடி, நான் இழுக்கறேன்" என்பார். மாசா மாசம் ஒரே பல்லவி. "தடிப்பு சிவந்தா வா. முழங்கை வலிச்சா வா. விரல் மரத்தா அன்னைக்கே வா, அடுத்த மாசம்னு நினைக்காதே."

கஞ்சியக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இஸ்திரி போட்டாள். தனக்கு என்று நினைக்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது, பாவம் என்று ஒரு பெருமூச்சும், நல்லவேளை நமக்கு இந்தத் தலையெழுத்து இல்லை என்று ஒரு நிம்மதியும் வரும். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. செருப்பில்லாத கிழவரின் கையை மாதா மாதம் ஒரு மனிதர் மடியில் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரியின் கையை யாரும் பார்க்கவில்லை. செல்வாக்கு இருந்ததால் அவளுக்குக் கிடைத்தது பாதி வைத்தியம்.

இதற்கிடையில், மாத்திரை ஆரம்பிக்கும்போதே அவள் மூன்று மாதம் உண்டாகியிருந்தது தெரியவந்தது. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, கூடாது, தொடரட்டும் என்று பெரிய டாக்டர் நாத்தனாரிடம் சொல்லியனுப்பினார். அது சரியான பதில். ஆனால் அதோடு சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடக் கூடாதாம். பயந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவாளாம்.

பெண் குழந்தை பிறந்தது. அப்பனை உரித்து வைத்திருந்தது. விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். விடியலிலேயே வேன் ஓட்டி முடித்துவிடுகிற கணவன் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டான். சில வாரங்கள் போயிருக்கும். வெளிறிக் கிடந்த தேமல்கள் எல்லாம் ஒரேயடியாகச் சிவந்து தடித்தன. கன்னத்தில் இருந்தது, யாரோ ஓங்கி அறைந்த மாதிரி வீங்கியது. வலது முழங்கையின் உட்புறம் வலித்தது. மேசை விளிம்பில் லேசாக இடித்தாலும் சுண்டுவிரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தது.

"அக்கா, இது மறுபடியும் வருதா?"

"சீச்சீ. பிள்ளை பெத்த உடம்பு, சூடு. கொதிகலன் பக்கத்துல நின்னா சும்மா விடுமா?"

"முழங்கை விண்ணு விண்ணுனு தெறிக்குதுக்கா."

"குழந்தையைத் தூக்கித் தூக்கி வலிக்கும். மாத்திரையை மட்டும் விட்டுடாதே. அதான் முக்கியம்."

நாத்தனாருக்குத் தெரிந்தது மாத்திரை. அட்டையில் எந்தக் குழி எந்த நாளுக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நரம்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற பேனாக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் யாருக்கு என்று அவர் திருப்பிக் கேட்பார். குடும்ப மானம் போய்விடும். கஞ்சியக்கா கன்னத்தைத் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்தாள். பல்வலி என்று எல்லோரிடமும் சொன்னாள். கடைவாய்ப் பல் ஒன்று நிஜமாகவே சொத்தையாகிச் சீழ் வைத்திருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

பிறகு தண்ணீர் ஒழுகத் தொடங்கியது.

முதலில் வீட்டில். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, கையைக் குவித்து அள்ளின தண்ணீர் தலைக்குப் போய்ச் சேருவதற்குள் சுண்டுவிரல் பக்கமாக வழிந்துவிட்டது. சோப்பு வழுக்குகிறது என்று நினைத்தாள். மறுநாள் சலவைக்கூடத்தில் வாளியில் கைவிட்டு அள்ளினாள். மேசைக்குக் கொண்டுவருவதற்குள் கை காலி. கையைத் திருப்பிப் பார்த்தாள். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே சுருண்டு நின்றன. நீட்டு என்று அவள் சொன்னது அந்த விரல்களுக்குக் கேட்கவில்லை. அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்த குப்பியை எடுத்தாள். அதைப் பிடித்து அழுத்தும்போது அவளுக்கு வந்த அழுகையை, கொதிகலன் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் பேனாக்காரர் கோட் வாங்க வந்தார். கோட்டை மடித்து ஜன்னல் வழியே நீட்டினாள். வலது கையால் நீட்டிவிட்டாள். அவர் கோட்டைப் பார்க்கவில்லை.

"கையைத் திருப்பும்மா."

"கோட்டை எடுத்துட்டுப் போங்க சார்."

"எத்தனை நாளா இப்படி?"

"மூடி வாங்கினீங்களா? இன்னைக்கும் மை இருந்துச்சு."

"மை கிடக்குது. முழங்கையில வலி இருக்கா? நீ..." அவர் நடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ மாத்திரை சாப்பிடறியா?"

அவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். சாத்திய பலகைக்கு வெளியே நின்று அவர் சொன்னது காதில் விழுந்தது. "தள்ளிப் போடாதே. நாள் போகப் போக அந்த விரல் திரும்ப வராது."

அன்று சாயங்காலம் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் மூன்று தடவை தோற்றாள். நான்காம் தடவை கணவன் குனிந்து போட்டுவிட்டான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கேளேன்யா. என் கைக்கு என்ன ஆச்சுன்னு கேளேன்."

"அக்கா பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கு."

"அக்கா பார்த்த லட்சணம்தான் இது!" என்று கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். குழந்தை வீறிட்டு அழுதது.

வரிசை நாள் வந்தது. சலவைக்கூடத்து நீல மேலங்கியைக் கழற்றாமல், கன்னத்துத் துணியை மட்டும் அவிழ்த்து மேசையில் போட்டுவிட்டு, கஞ்சியக்கா நடைக்கு வந்து வரிசையில் நின்றாள். கடைசி ஆளாக. கோட் போட்ட இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நடையை எட்டிப் போட்டார். அவள் தேய்த்த கோட்டுதான் அது.

முன்னால் நின்ற காய்கறிக்காரி திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், மேலங்கியில் மார்புப் பக்கம் கசிந்திருந்த பால் கறையைப் பார்த்தாள்.

"கைக்குழந்தைக்காரியா? முகம் இப்படிச் சிவந்து கிடக்கு, இவ்வளவு நாள் எங்க இருந்தே?"

"இங்கதான். அந்த ஜன்னலுக்குப் பின்னாடி."

"பிரசவத்துக்கப்புறம் ஜாக்கிரதையா இருன்னு, இங்கயே மாத்திரை வாங்கின என் மகளுக்குப் பேனாக்காரர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே. உனக்குச் சொல்லலையா?"

அந்தக் கேள்வி கஞ்சியக்காவின் நெஞ்சில் தைத்துவிட்டது. ஊர் பூராவுக்கும் சொன்ன சங்கதி. காய்கறிக்காரி மகளுக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில் நின்று இஸ்திரி போட்டவளுக்குத் தெரியவில்லை.

பேனாக்காரர் அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். முழங்கை நரம்பை அவர் தொட்டபோது அவள் துள்ளினாள். கயிறு மாதிரி தடித்திருந்தது. கண்ணை மூடச் சொன்னார். பேனா முனை உள்ளங்கையில் அங்கங்கே பட்டது, அவள் காட்டினாள். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே படவில்லை. "சீக்கிரம் தொடுங்க சார்" என்றாள். "தொட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றார். கண்ணைத் திறந்தாள். பேனா அவளுடைய சுண்டுவிரலின் மேல் இருந்தது. விரலிடுக்கில் காகிதத்தைச் செருகி இழுத்தார். காற்றில் போகிற மாதிரி வந்துவிட்டது.

பிறகு கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"தடிப்பு எத்தனை இடத்துல?"

"எண்ணலை சார். முதுகு பூரா, தொடை, கை."

"முகத்துல?"

"ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு."

"குழந்தை?"

"கைக்குழந்தை."

"மாத்திரை ஆரம்பிச்சு வருஷம் ஆச்சா?"

"இன்னும் முழுசா ஆகலை."

"வாயைத் திற." சொத்தைப் பல்லைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் விட்டெறிந்தார். அது உருண்டு கீழே விழுந்தது.

"கேளும்மா. செத்த கிருமி நரம்புக்குள்ள அப்படியே கிடக்கும். உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தி ஒரு நாள் முழிச்சுக்கிட்டு அதைத் தாக்கும். திருடன் செத்தபிறகு வந்த காவல்காரன், வீட்டையே இடிக்கிற மாதிரி. இடிபடறது உன் நரம்பு. இதுக்குப் பேர் ரியாக்ஷன். நோய் திரும்ப வந்ததும் இல்ல, மாத்திரை செஞ்ச தப்பும் இல்ல. இது எல்லாருக்கும் வராது. ஆனா யாருக்கு வரும்னு முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். தடிப்பு நிறைய இருக்கிறவங்க, முகத்துல இருக்கிறவங்க, நரம்பு தடிச்சவங்க, மருந்து ஆரம்பிச்ச முதல் வருஷம். பிள்ளை வயித்துல இருக்கிறப்ப எதிர்ப்பு சக்தி அடங்கிக் கிடக்கும், பெத்தப்புறம் திமிறிக்கிட்டு எழும்பும். சொத்தைப் பல்லு, சீழ், வேற காய்ச்சல் எதுவும் கிளப்பிவிடலாம். இதுல எது உனக்கு இல்ல? சொல்லு. எல்லாம் இருக்கிறவளை நான்தான் மொத ஆளாப் பார்த்திருக்கணும். வாரா வாரம் உன் ஜன்னல்ல நின்னு கோட் வாங்கினேனே!"

கஞ்சியக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

பெரிய டாக்டரின் அறைக்கு அவர்தான் கூட்டிப் போனார். நரம்பு வீக்கத்தை அடக்குகிற ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தர வேண்டியவர் பெரிய டாக்டர். அவர் கையைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். உடனே எழுதினார். எழுதி முடித்துவிட்டு அன்பாகச் சொன்னார்.

"இதுக்கு நீ ஏன்மா வரிசையில நின்னே? சொல்லியனுப்பியிருந்தா ஜன்னல்லயே கொடுத்தனுப்பியிருப்பேனே."

"இது வரும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"வர வாய்ப்பிருக்குன்னு தெரியும். உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னுதான்..."

"நான் பயந்திருப்பேன் சார். பயந்து, வலி வந்த அன்னைக்கே ஓடி வந்திருப்பேன். பயத்துல யாருக்கும் விரல் மடங்கினதில்ல. நீங்க என்னைத் தைரியமா இருக்க வெச்சீங்க பாருங்க, அதுல மடங்குச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அவர் பயன்படுத்தியதும் அவள் வெளுத்த துணிதான்.

சீட்டை எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் வரிசைக்கு வந்தாள். பேனாக்காரர் மேசைக்கு அடுத்தது மாத்திரைக் கவுண்டர். கம்பிக்குப் பின்னால் நாத்தனார்.

"உள்ள வாடி," பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "இப்படிப் பப்ளிக்கா வந்து நிக்கிறியே. உனக்கென்ன பைத்தியமா?"

"மாத்திரை கொடுங்கக்கா."

"எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். என்னை யாருமே பார்க்காததாலதான் இப்படி ஆச்சு." அவள் குரல் உயர்ந்தது. "அதோ நிக்கிறாரே செருப்பில்லாதவர், அவருக்கு இருக்கிற கை எனக்கு இல்லக்கா. அவரை மாசா மாசம் தொட்டுப் பார்த்தாங்க. என்னை நீங்க தலையணை உறையில சுத்தி ஒளிச்சு வெச்சீங்க. வலிக்குதுன்னு உங்க மடியில வந்து அழுதேனே, பத்தடி நடந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன் நல்லதுக்குத்தானேடி செஞ்சேன். உன்னை என் கூடப் பொறந்தவளாத்தானே..."

"அதான்கா என்னால உங்களை அடிக்கக்கூட முடியல!"

நாத்தனார் மாத்திரையை எண்ணி, கம்பிக்கடியில் தள்ளினாள். கஞ்சியக்கா இடது கையால் எடுத்துக்கொண்டாள். எப்படிச் சாப்பிடுவது, ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று பேனாக்காரர் தன் மேசையிலிருந்தே உரக்கச் சொன்னார். வரிசையில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த மாத்திரை அவளுக்கு அகோரப் பசியைக் கொடுத்தது, தூக்கத்தைப் பிடுங்கியது, முகத்தை உப்ப வைத்தது. சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். தடிப்புகள் அடங்கின, முழங்கை வலி நின்றது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் தடவி, மடங்கின விரல்களை மேசையில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். மாதங்கள் போயின. மோதிர விரல் மனமிரங்கி நீண்டது. சுண்டுவிரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் அதுவும் வந்திருக்கும் என்று பேனாக்காரர் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காக அவள் அவரை மன்னித்தாள். மைக் கறைக்கு மட்டும் இன்றுவரை மன்னிப்பில்லை.

அவளை வேலையை விட்டு யாரும் நிறுத்தவில்லை. சிலர் கோட்டை வெளியே கொடுத்துத் தேய்த்துக்கொண்டார்கள். நோயின் விஞ்ஞானம் படித்தவர்கள்தான். அவர்களுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை, கஞ்சி மிச்சம் என்றாள்.

நாத்தனார் ரொம்ப நாள் பேசவில்லை. குழந்தையை மட்டும் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் சலவைக்கூடத்து ஜன்னலில் வந்து நின்றாள். கையில் சுருட்டிய ஒரு தலையணை உறை.

"கோபப்படாம கேளு. சமையல்கட்டுல பாத்திரம் கழுவறாளே, புதுசாக் கல்யாணமான பொண்ணு. முதுகெல்லாம் இருக்கு. இப்ப முழுகாம வேற இருக்கா. டாக்டர் தனியாப் பார்த்துட்டார். வரிசையில நிக்க வெச்சா செத்துடுவேன்னு என் காலைப் பிடிச்சு அழுறா. என்னை என்னதான் செய்யச் சொல்றே? பாத்திரம் துடைக்கிற துணி வாங்க உன்கிட்டதான் வருவா. துணியோட துணியா இதைக் கொடுத்துடு. இந்த ஒரு தடவை."

கஞ்சியக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து நாத்தனார் ஓரடி பின்னால் போனாள். அவள் கத்தவில்லை. வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு ஜன்னல் வழியாக நாத்தனாரிடம் கொடுத்தாள். வலது கையைக் குவித்து வெளியே நீட்டினாள்.

"ஊத்துங்க."

"என்னடி இது?"

"ஊத்துங்கக்கா."

நாத்தனார் ஊற்றினாள். தண்ணீர் உள்ளங்கையில் ஒரு கணம் நின்றது. பிறகு மடங்கின சுண்டுவிரலின் ஓரமாக வழிந்து, ஜன்னல் பலகையை நனைத்து, நாத்தனாரின் காலில் சொட்டியது. மறுபடியும் ஊற்றச் சொன்னாள். மறுபடியும் வழிந்தது. மூன்றாவது தடவை ஊற்ற நாத்தனாரால் முடியவில்லை. குவளையைப் பலகையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க காப்பாத்தின மானம் இவ்வளவுதான். என் பொண்ணு தலைக்கு ஒரு கைத் தண்ணி எடுத்துட்டுப் போக முடியல" என்றாள் கஞ்சியக்கா.

தலையணை உறையிலிருந்து மாத்திரை அட்டையை உருவி நாத்தனாரின் கையிலேயே திணித்தாள். உறையை அழுக்குக் கூடையில் போட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

வரிசை நாளன்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். கஞ்சியக்கா மடங்கின விரலுள்ள கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி தளரும்போதெல்லாம் இடது கையையும் சேர்த்துக்கொண்டாள். அவர்களுக்கு முன்னால் காய்கறிக்காரி, அவளுக்கு முன்னால் அந்தக் கிழவர். காலில் இப்போது செருப்பு இருந்தது.

"அக்கா, யாராவது பார்த்துட்டா?" என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள்.

"பார்க்கணும்டி. அதுக்குத்தான் நிக்கிறோம்" என்றாள் கஞ்சியக்கா. "முறை வந்ததும் கையை நீட்டு."